புது கம்ப்யூட்டருக்கு மாறினதும் ஃபைலையும் மெயிலையும் காணோமா? ஒவ்வொண்ணா பார்த்து சரி பண்ற வழி

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, பழைய மெஷின் பல பேருக்கு விண்டோஸ் 11 ஏத்துக்கல (டிபிஎம் 2.0-ங்கிற செக்யூரிட்டி சிப் கேக்குது, இன்டெல்னா 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் பொதுவா எடுத்துக்குது), அதனால தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்கன்னு எல்லாரும் புது லேப்டாப் வாங்குறாங்க, வாங்கின மறுநாள் எனக்கு போன் வருது. "எல்லாம் போச்சு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. போய் பார்த்தா பெரும்பாலும் எதுவும் போயிருக்காது, பழைய கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கும், எடுக்க வேண்டிய இடத்துல எடுக்காம வேற இடத்துல எடுத்திருப்பாங்க.

அதனால கீழ இருக்கறதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்காதீங்க, ஃபார்மட் பண்ணாதீங்க, எல்லா ஃபைலையும் புதுசுல ஒரு தடவையாவது திறந்து பார்த்த பிறகுதான் அதைப் பத்தி யோசிக்கணும். அப்புறம் பழைய கம்ப்யூட்டர்ல அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ (மெயில் பார்க்கிற புரோகிராம்) இருந்தா அதை "ஒர்க் ஆஃப்லைன்"ல போட்டுடுங்க. ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல மெயில் இழுத்தா எது எங்க போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

## டெஸ்க்டாப்ல இருந்து காப்பி பண்ணினது புதுசுல திறக்கல

முதல்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல சைஸ் பாருங்க.

1 கேபி, 2 கேபின்னு காட்டுதா? அது ஃபைலே இல்ல, ஷார்ட்கட். ஐக்கானோட இடது மூலையில சின்ன அம்புக்குறி இருக்கும். பழைய கம்ப்யூட்டர்ல அதே ஐக்கான்ல ரைட் கிளிக் பண்ணி "ஓபன் ஃபைல் லொக்கேஷன்" கொடுங்க, நிஜ ஃபைல் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் விடும், பெரும்பாலும் டி டிரைவ்ல ஏதோ ஒரு ஃபோல்டரா இருக்கும். அந்த ஃபோல்டரை முழுசா எடுங்க, ஏன்னா நீங்க மறந்துபோன இன்னும் பத்து ஃபைல் அங்கயே இருக்கும்.

பென் டிரைவ்ல எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறி நிக்குதா? இது பென் டிரைவ் வைரஸ், ஜெராக்ஸ் கடையிலயும் பிரவுசிங் சென்டர்லயும் சொருகி எடுத்ததுல வந்திருக்கும். அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் பண்ணாதீங்க, பண்ணினா புது கம்ப்யூட்டருக்கும் வந்துடும். விண்டோஸ் செக்யூரிட்டியில பென் டிரைவை ஸ்கேன் விட்டுட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ, ஷோ, ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணுங்க, அப்பவும் தெரியலன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல "ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" டிக்கை எடுங்க. ஒளிச்சு வச்ச நிஜ ஃபோல்டர் மங்கலா தெரியும், சில சமயம் பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள எல்லாம் இருக்கும். உங்க டாக்குமென்ட், போட்டோவை மட்டும் எடுங்க, தெரியாத பேர்ல இருக்கிற எதையும் எடுக்காதீங்க.

சைஸ் சரியா இருக்கு, ஆனா "கரப்ட்"னு சொல்லுதா? ரொம்ப சீப்பா வாங்கின 1 டிபி, 2 டிபி பென் டிரைவா பாருங்க. போலி டிரைவ்னா உள்ள இருக்கிற நிஜ இடம் சில ஜிபிதான், அதுக்கு மேல எழுதறது எல்லாம் எங்கயும் நிக்காது, ஆனா காப்பி ஆனமாதிரியே காட்டும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, காலி டிரைவ்ல எழுதி திரும்ப படிச்சு உண்மையை சொல்லிடும். போலின்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுட்டு நல்ல கடையில ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.

## ஃபோல்டர் இருக்கு, உள்ள எதுவும் இல்ல

இது முக்காவாசி ஒன்டிரைவ் வேலை, அதாவது ஃபைலை நெட்ல ஏத்தி வைக்கிற மைக்ரோசாஃப்ட் வசதி. பழைய கம்ப்யூட்டர்ல ஒன்டிரைவ் பேக்கப் ஆன்ல இருந்திருந்தா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள நகர்ந்திருக்கும். நீங்க யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போய் "டெஸ்க்டாப்"னு இருந்ததை எடுத்திருப்பீங்க, அது காலி. நிஜமானது பக்கத்துலயே இருக்கிற ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற டெஸ்க்டாப்.

அங்கயும் ஒவ்வொரு ஃபைல் பக்கத்துல என்ன குறி இருக்குன்னு பாருங்க. பச்சை டிக்னா ஃபைல் மெஷின்ல இருக்கு, நீல மேகம்னா பேர் மட்டும்தான் மெஷின்ல இருக்கு, ஃபைல் நெட்ல இருக்கு. நீல மேகம் இருந்தா ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து எல்லாம் இறங்குற வரைக்கும் பொறுங்க, அப்புறம் காப்பி பண்ணுங்க. புதுசுல அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைஞ்சா தானா வந்துடும், ஆனா இலவச இடம் 5 ஜிபிதான், அது நிறைஞ்சிருந்தா கடைசியா சேர்த்த ஃபைல் எதுவும் மேல ஏறியிருக்காது, அதை கையாலதான் எடுக்கணும். வீட்டுல ரெண்டு மூணு மெயில் ஐடி இருந்தா பழைய கம்ப்யூட்டர்ல எந்த ஐடியில ஒன்டிரைவ் ஓடுச்சுன்னு டாஸ்க்பார்ல இருக்கிற மேகத்தை கிளிக் பண்ணி பாருங்க, பையனோட ஐடியில அப்பா ஃபைல் எல்லாம் ஏறியிருக்கிறது சாதாரணமா நடக்குறதுதான்.

## காப்பி பாதியில நிக்குது

"ஃபைல் டூ லார்ஜ்"னு வந்தா: பென் டிரைவ் ஃபேட்32-ங்கிற பழைய ஃபார்மட்ல இருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல இருக்க முடியாது, டிரைவ்ல எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும் சரி. கல்யாண வீடியோவும் அவுட்லுக் மெயில் ஃபைலும்தான் இதுல மாட்டும். பென் டிரைவ்ல இருக்கிறதை வேற இடத்துல எடுத்து வச்சுட்டு எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க.

"பாத் டூ லாங்"னு வந்தா: டிரைவ்ல இருந்து ஃபைல் பேர் வரைக்கும் மொத்தம் 260 எழுத்துக்கு மேல போயிடுச்சு. தமிழ்ல பேர் வச்சிருந்தா இது சீக்கிரமே வரும், ஏன்னா கால், கொம்பு, புள்ளி எல்லாமே தனி எழுத்தா கணக்காகும். மேல இருக்கிற பெரிய ஃபோல்டர் பேரை ஒரே எழுத்தா மாத்துங்க, போதும். அப்புறம் தமிழ் பேர் இருக்கிற ஃபைலை பழைய விண்டோஸ்ல ஜிப் பண்ணினா முடியாதுன்னு சொல்லும், 7-ஜிப் போட்டு பண்ணுங்க.

"ஃபைல் இன் யூஸ்"னு வந்தா: அந்த புரோகிராமை மூடுங்க, மூடியும் அப்படியே சொன்னா ரீஸ்டார்ட் பண்ணிட்டு எதையும் திறக்காம காப்பி பண்ணுங்க.

எந்த எரரும் இல்லாம நகராம நிக்குதா, ஒரே ஃபைல்ல ரொம்ப நேரம் தொங்குதா? அங்கயே நிறுத்திட்டு கீழ கடைசியில ஹார்ட் டிஸ்க் பத்தி எழுதியிருக்கறதுக்கு போங்க. திரும்ப திரும்ப முயற்சி பண்றது அந்த டிஸ்கை கொல்லும்.

கடைக்காரங்களுக்கு ஒண்ணு. டேலி புதுசுல எஜுகேஷனல் மோட்ல திறந்தா டேட்டா போகல, லைசென்ஸ் இன்னும் பழைய மெஷின்ல இருக்கு, அங்க சரண்டர் பண்ணிட்டு இங்க ஆக்டிவேட் பண்ணணும். கம்பெனி பேர் வரலன்னா பழைய மெஷின்ல கம்பெனி செலக்ட் பண்ற இடத்துல டேட்டா பாத் காட்டும், அங்க 10000 மாதிரி நம்பர் பேர்ல இருக்கிற ஃபோல்டர்தான் உங்க கணக்கு, அதை முழுசா எடுங்க.

## மெயில் கடைசி ரெண்டு வாரத்தோடது மட்டும்தான் வந்திருக்கு

எனக்கு வர்ற கேள்வியில வயித்தைக் கலக்குறது இதுதான், சின்ன கம்பெனி, ஸ்கூல், ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி சொந்த டொமைன்ல மெயில் வச்சிருக்கிறவங்களுக்கு அடிக்கடி நடக்கும். காரணம் பாப், அதாவது மெயிலை சர்வர்ல இருந்து மெஷினுக்கு இறக்கிக்கிற முறை. அவுட்லுக்ல பாப் அக்கவுன்ட் போட்டா "14 நாளுக்கு அப்புறம் சர்வர்ல இருந்து எடுத்துடு"ங்கிற டிக் தானாவே போட்டு வரும், தண்டர்பேர்டுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. அப்ப பதினாலு நாளுக்கு முந்தின மெயில் உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, பழைய கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க்ல.

செக் பண்றது சுலபம். பழைய கம்ப்யூட்டர் அவுட்லுக்ல ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ் போங்க, அக்கவுன்ட் பக்கத்துல பாப்னு இருக்கா ஐமேப்னு இருக்கான்னு பாருங்க.

பாப்னா, அதே விண்டோல "டேட்டா ஃபைல்ஸ்" டேப்ல பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயில் எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற ஃபைல்) எங்க இருக்குன்னு முழு பாத்தும் காட்டும். 2010-ல இருந்து வந்த அவுட்லுக்னா டாக்குமென்ட்ஸ்க்குள்ள "அவுட்லுக் ஃபைல்ஸ்" ஃபோல்டர், அதுக்கு முந்தினதுன்னா ஆப்டேட்டாக்குள்ள (யூசர்ஸ்ல உங்க பேர் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்கிற ஃபோல்டர்) ஒளிஞ்சிருக்கும். அங்க ஒண்ணுக்கு மேல பிஎஸ்டி இருந்தா எல்லாத்தையும் எடுங்க, "ஆர்க்கைவ்"னு பேர் இருக்கிறதை விட்டுடாதீங்க, பழைய வருஷத்து மெயில் அதுலதான் இருக்கும். அவுட்லுக்கை மூடிட்டு காப்பி பண்ணுங்க. புதுசுல பிஎஸ்டியை பென் டிரைவ்ல இருந்தே திறக்கக் கூடாது, ஒன்டிரைவ் ஃபோல்டர்ல வச்சும் திறக்கக் கூடாது, சி டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு ஃபைல், ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓபன் அவுட்லுக் டேட்டா ஃபைல்.

ஐமேப்னா நிம்மதியா இருங்க, மெயில் சர்வர்ல இருக்கு, புதுசுல அக்கவுன்ட் சேர்த்தா வரும். ஜிமெயில் சாதாரணமா பிரவுசர்லயே பார்க்கிறவங்களுக்கு மெயிலை மாத்துற வேலையே கிடையாது.

## ஆபீஸ் மெயில்ல ஒரு வருஷத்துக்கு முந்தினது இல்ல

எதுவும் போகல. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டோட ஆபீஸ் மெயில் சர்வர்), மைக்ரோசாஃப்ட் 365 அக்கவுன்ட்டை அவுட்லுக் பொதுவா ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் மெஷின்ல இறக்கும். அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல சேஞ்ச் கொடுத்தா ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை "ஆல்" வரைக்கும் இழுத்துட்டு அவுட்லுக்கை மூடித் திறங்க.

## மெயில் வந்துடுச்சு, கான்டாக்ட்ஸ் வரல

ஐமேப் அக்கவுன்ட்ல மெயில் மட்டும்தான் சர்வர்ல இருக்கும். அவுட்லுக்ல கான்டாக்ட்ஸ், காலண்டர் ஃபோல்டர் பேர் பக்கத்துல "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி"ன்னு எழுதியிருக்கும், அதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. அது ஓஎஸ்டி ஃபைலுக்குள்ள (அவுட்லுக் அந்த மெஷினுக்குன்னு வச்சுக்கிற காப்பி) இருக்கு, ஓஎஸ்டியை வேற கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் திறக்க முடியாது. அதனால பழைய கம்ப்யூட்டர் ஓடுறப்பவே ஃபைல், ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட்/எக்ஸ்போர்ட் போய் கான்டாக்ட்ஸை பிஎஸ்டியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. சிக்னேச்சர் காணோம்னா அது ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட்க்குள்ள "சிக்னேச்சர்ஸ்" ஃபோல்டர்ல இருக்கு, அப்படியே புதுசுல அதே இடத்துல போடலாம்.

## பிஎஸ்டி திறக்கல

புதுசுல எந்த அவுட்லுக் இருக்குன்னு முதல்ல பாருங்க. விண்டோஸ் 11-ஓட இலவசமா வர்றது "நியூ அவுட்லுக்", அதுல பிஎஸ்டி வேலை பழசு மாதிரி முழுசா நடக்காது. மைக்ரோசாஃப்ட் 365 அல்லது ஆபீஸ் லைசென்ஸ் இருந்தா ஸ்டார்ட்ல "அவுட்லுக் கிளாசிக்"னு தேடித் திறங்க.

ஆபீஸ் லைசென்ஸே இல்லன்னா பழைய கம்ப்யூட்டர்லயே வழி இருக்கு. அங்க இருக்கிற அவுட்லுக்ல ஒரு ஐமேப் அக்கவுன்ட் சேர்த்து, பிஎஸ்டி ஃபோல்டர்ல இருக்கிற மெயிலை அதுக்குள்ள காப்பி பண்ணி போடுங்க. ராத்திரி விட்டுட்டு தூங்குங்க, மெதுவாத்தான் ஏறும். ஜிமெயில்ல 15 ஜிபி, அது போட்டோஸும் டிரைவும் சேர்ந்த கணக்குங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. இழுத்து "மூவ்" பண்ணாதீங்க, காப்பி மட்டும்.

கிளாசிக்லயும் எரர் வந்தா, பிஎஸ்டி ப்ராப்பர்ட்டீஸ்ல ரீட் ஒன்லி டிக் இருக்கான்னு பாருங்க, சிடியில இருந்து எடுத்ததுக்கு அப்படி இருக்கும். அப்புறம் ஆபீஸ் ஃபோல்டர்லயே இருக்கிற ஸ்கேன்பிஎஸ்டியை (பிஎஸ்டியை ரிப்பேர் பண்ற புரோகிராம்) ஓட்டுங்க, ஒரிஜினல்ல வேண்டாம், ஒரு காப்பி எடுத்து அதுல. ஸ்கேன்பிஎஸ்டி ரெண்டு தடவை ஓடியும் சரியாகலன்னா இதுக்கு மேல நீங்க கை வைக்க வேண்டாம், மெயில் ரெக்கவரி பண்றவங்ககிட்ட ஒரிஜினல் ஃபைலை கொடுங்க.

## பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன், ஜிமெயில் ஏத்துக்கல

பழைய மெஷின்ல வருஷக்கணக்கா ஓடின பாஸ்வேர்ட் புதுசுல வேலை செய்யாது. சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வச்சு வர்ற புரோகிராமை கூகுள் இப்ப உள்ளயே விடறதில்ல. தண்டர்பேர்டும் இப்ப வர்ற அவுட்லுக்கும் கூகுளோட லாகின் பக்கத்தையே திறக்கும், அதுல நுழைஞ்சா முடிஞ்சது. பழைய அவுட்லுக் 2010, 2013 தான் வேணும்னா கூகுள் அக்கவுன்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி ஆப் பாஸ்வேர்ட் எடுங்க, 16 எழுத்து வரும், அதைத்தான் பாஸ்வேர்ட் இடத்துல போடணும். இதை யார்கிட்டயும் போன்ல சொல்லாதீங்க, "சரி பண்ணித் தர்றேன்"னு கேக்கிறவங்ககிட்டயும்.

## தண்டர்பேர்ட் காலியா திறக்குது

பழசுல விண்டோஸ் கீயோட ஆர் அழுத்தி, பர்சென்டேஜ் குறி, ஆப்டேட்டா, திரும்ப பர்சென்டேஜ் குறி, நடுவுல இடைவெளி இல்லாம அடிச்சு என்டர் கொடுங்க, தண்டர்பேர்ட்னு ஃபோல்டர் இருக்கும், உள்ள ப்ரொஃபைல்ஸ். அங்க ரெண்டு ப்ரொஃபைல் இருந்தா சைஸ் பெருசா இருக்கிறதுதான் உங்களோடது, சின்னதை எடுத்தவங்கதான் காலியா இருக்குன்னு கூப்பிடுவாங்க. ப்ரொஃபைலை முழுசா கொண்டுபோனா அட்ரஸ் புக்கும் கூடவே வந்துடும். புதுசுல ஹெல்ப் மெனுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் வழியா ப்ரொஃபைல்ஸ் பக்கம் போய் அந்த ஃபோல்டரை டீஃபால்ட்டா வைங்க. புது கம்ப்யூட்டர்ல பழசை விட குறைஞ்ச வெர்ஷன் போட்டிருந்தா ப்ரொஃபைலை திறக்க மாட்டேன்னு சொல்லும், அப்டேட் பண்ணினா போதும்.

## விண்டோஸ் லைவ் மெயில் வச்சிருந்தேன்

மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலயே இதை கைவிட்டுடுச்சு, ஆனா ரிட்டயர் ஆன பல பேர் இன்னும் விண்டோஸ் 7-ல இதைத்தான் வச்சிருக்காங்க. மெயில் எல்லாம் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் லைவ் மெயில் ஃபோல்டர்ல ஒண்ணொண்ணா இஎம்எல் ஃபைலா இருக்கும். முழு ஃபோல்டரையும் எடுத்து, புதுசுல தண்டர்பேர்ட் போட்டு இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜிங்கிற ஆட்-ஆன்ல ஃபோல்டரோட இம்போர்ட் பண்ணலாம். கொஞ்சம் மெயில்தான்னா அப்படியே இழுத்து தண்டர்பேர்ட் ஃபோல்டர்ல போட்டாலே வரும்.

## தமிழ் டாக்குமென்ட் இங்கிலீஷ் எழுத்தா தெரியுது

வேர்ட் ஃபைல் திறந்தா "அம்மா"ன்னு அடிச்ச இடத்துல எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு நிக்குதா? ஃபைல் கெடல. பாமினி ஃபான்ட்ல அடிச்சது, புது கம்ப்யூட்டர்ல பாமினி இல்ல. வானவில் அவ்வையார் மாதிரி ஃபான்ட்ல அடிச்சதுன்னா வேற மாதிரி கிறுக்கலா தெரியும், ஆனா காரணம் இதேதான்.

அந்த வரியை செலக்ட் பண்ணி மேல ஃபான்ட் பேர் என்னன்னு பாருங்க. பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ் போய் அதே பேரை காப்பி பண்ணி, புதுசுல ரைட் கிளிக், "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்". அவ்வளவுதான், வேர்டை மூடித் திறந்தா தமிழ் வந்துடும். இந்த ஒரு காரியத்துக்காகவாவது பழைய மெஷின்ல இருக்கிற தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் தனியா ஒரு ஃபோல்டர்ல எடுத்து வைங்க, பின்னால தேடினா அதே ஃபான்ட் கிடைக்கறது கஷ்டம்.

ஃபான்ட் கிடைக்கலன்னா என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ல பாமினியோ வேற எந்த என்கோடிங்கோ தேர்ந்தெடுத்து யூனிகோடா (எந்த கம்ப்யூட்டர்லயும் தெரியுற தமிழா) மாத்தலாம். மாத்தினதை ஒரு தடவை முழுசா படிங்க, நடுவுல இங்கிலீஷ் வார்த்தையும் நம்பரும் இருந்தா அதையும் சேர்த்து தமிழாக்கி வச்சிருக்கும். பத்திரம், உயில், குடும்ப வரலாறு, கோயில் கணக்கு மாதிரி விஷயம்னா பழைய கம்ப்யூட்டர்ல சரியா தெரியறப்பவே ஒரு பிடிஎஃப் போட்டு வச்சுக்கோங்க, அதுல ஃபான்ட் உள்ளயே போயிடும். பேஜ்மேக்கர்ல பண்ணின புத்தகம், அழைப்பிதழ் எல்லாத்துக்கும் இதையே பண்ணுங்க.

## பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகல

மெஷின் செத்தா ஹார்ட் டிஸ்க்கும் செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல. லேப்டாப்ல இருக்கிற 2.5 இஞ்ச் டிஸ்க்னா ஒரு யுஎஸ்பி டூ சாட்டா கேபிள் போதும், சில நூறு ரூபா. டெஸ்க்டாப்ல இருக்கிற 3.5 இஞ்ச்னா தனி பவர் அடாப்டரோட வர்ற கேபிள் வேணும், அது இல்லாம சுத்தாது. எம்.2 எஸ்எஸ்டின்னா என்விஎம்இயா சாட்டாவான்னு மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல பார்த்துட்டு அதுக்கேத்த கேஸ் வாங்குங்க, மாத்தி வாங்கினா டிஸ்க்கே தெரியாது.

"பர்மிஷன் இல்ல"ன்னு வந்தா: கன்டின்யூ கொடுத்து காத்திருங்க, ஃபோல்டர் பெருசா இருந்தா நேரம் ஆகும். அதுக்கும் மசியலன்னா ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டுல ஓனரை உங்க பேருக்கு மாத்துங்க.

48 இலக்க கீ கேட்டா: பிட்லாக்கர், டிஸ்கை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. நீங்க ஆன் பண்ணலன்னாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட வந்த பல லேப்டாப்ல தானாவே ஆன்ல இருக்கும். பழைய லேப்டாப்ல போட்டிருந்த அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல பிரவுசர் வழியா நுழைஞ்சு டிவைசஸ் பக்கத்துல ரிக்கவரி கீ பாருங்க, ஆபீஸ் லேப்டாப்னா ஐடிகாரங்ககிட்ட இருக்கும். கீ இல்லாம எந்த கடைக்காரராலயும் திறக்க முடியாது, "பண்ணித் தர்றேன்"னு காசு கேட்டா கொடுக்காதீங்க.

"டிஸ்கை ஃபார்மட் பண்ணணும்", "இனிஷியலைஸ் பண்ணணும்"னு கேட்டா: கேன்சல். கேபிளை மாத்தி, வேற யுஎஸ்பி போர்ட்ல, முடிஞ்சா வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிரைவ் லெட்டர் மட்டும் இல்லாம இருந்தா லெட்டர் கொடுத்தா வந்துடும். "ரா"ன்னு (டிஸ்க்ல என்ன இருக்குன்னு விண்டோஸுக்குப் புரியல) காட்டினா நிறுத்துங்க.

டக் டக்னு சத்தம் வந்தா, சுத்தி சுத்தி நின்னா, இல்ல காப்பி நகராம தொங்கினா: உடனே கேபிளை பிடுங்குங்க. செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் புரோகிராம்) ஓட்டாதீங்க, ஃப்ரீயா கிடைக்கிற ரெக்கவரி சாஃப்ட்வேர் போடாதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கறது தட்டறது எதுவும் வேண்டாம். இந்த நிலைமையில சாதாரண சர்வீஸ் கடையும் வேண்டாம், கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வச்சிருக்கிற டேட்டா ரெக்கவரிகாரங்ககிட்ட நேரா போங்க. செலவு ஆயிரக்கணக்குல போகும், அதனால கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க: பார்க்கறதுக்கு மட்டும் எவ்வளவு, டேட்டா வரலன்னா காசு உண்டா, எந்தெந்த ஃபைல் எடுக்க முடிஞ்சதுன்னு லிஸ்ட் காட்டுவீங்களா, பழைய டிஸ்க்கை திருப்பித் தருவீங்களா. எந்த ஃபோல்டர் முக்கியம்னு ஒரு பேப்பர்ல எழுதி டிஸ்க்கோட கொடுங்க, போட்டோவா, பிஎஸ்டியா, டேலியான்னு, ஏன்னா சாகப்போற டிஸ்க்ல அவங்க எதை முதல்ல படிக்கறாங்களோ அதுதான் கைக்கு வரும்.